முப்பத்தோராவது குழி

பாவா,

இன்று காலை அரக்கோணம் சாலையில் கரீம் பாயின் பட்டறை வாசலில் நின்றுவிட்டேன். அடுப்புக்கு லைட்டர் வாங்கப் போனவன் நான். யாரோ ஒருவர் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருந்தார். கரீம் பாய் அதை நான்கு முறை உதைத்தார். ஐந்தாவது உதையில் வண்டி உயிர் பெற்று, வெள்ளைப் புகையைப் பாதித் தெருவுக்குக் கக்கியது. டீக்கடையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் அந்தப் புகைக்குள்ளேயே நின்றிருந்தேன்.

"இன்னா சார், எல்லாரும் ஓட்றாங்க, நீங்க சாம்பிராணி புடிக்கிற மாரி நின்னுகினு இருக்கீங்க?" என்று கேட்டார் கரீம் பாய்.

"ஒண்ணும் இல்ல பாய்" என்றேன். உங்களுக்குத் தெரியும், எதைக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அதுதான்.

பெட்ரோலும் ஆயிலும் கலந்து எரியும் அந்த வாசனை. உங்கள் டிங்கிப் படகின் எஞ்சினை நீங்கள் கரையில் வைத்தே கிளப்பிப் பார்க்கும்போது, நான்கு மாதம் தினமும் காலையில் என் முகத்தில் அடித்த அதே வாசனை. லைட்டரை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை. கை பரபரக்கிறது. தீவிலிருந்து கிளம்பிய அந்தக் கடைசிக் காலையை முழுதாக உங்களுக்கே ஒருமுறை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எப்போதும் நீங்கள்தான் சொல்வீர்கள். நான் பக்கத்தில் நின்று திருத்துவேன். இன்று நான் சொல்கிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன் செய்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். நில அளவையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஒரு வருடம் ஆகியிருந்தது எனக்கு. அக்காவைக் கட்டிக்கொண்டு அந்தக் காலத்திலேயே போர்ட் பிளேர் போய், படகு எஞ்சின் மெக்கானிக்காகவே வாழ்ந்தவர் நீங்கள். அந்த வருடம் ஏதோ ஒரு தீவில் ஆமை ஆராய்ச்சி முகாமுக்குப் படகு ஓட்டப் போயிருந்தீர்கள்.

"டேய் மச்சான், இன்னா பண்ணிகினு இருக்கே? மொட்டமாடில காக்காவுக்கு சோறு வெச்சிட்டு அது வருதா வர்லியான்னு பாத்துகினு இருக்கியா?"

உண்மையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"இங்க ஆமைய அளக்கறதுக்கும் ரிஜிஸ்டர் எழுதறதுக்கும் ஆளு வேணுமாம். நீ வா."

"எனக்கு ஆமையை அளக்கத் தெரியாது, பாவா."

"நெலத்த அளந்தே இல்ல? நெலம் ஓடாது, ஆம கொஞ்சம் ஓடும். அவ்ளோதாண்டா வித்தியாசம்."

மூன்று நாள் யோசித்தேன். ஒரு தாளை நடுவில் மடித்து, போகலாம் என்பதற்கான காரணங்களை ஒரு பக்கமும் வேண்டாம் என்பதற்கானவற்றை மறுபக்கமும் எழுதினேன். வேண்டாம் பக்கம் பதினொன்று இருந்தது. போகலாம் பக்கம் ஒன்றுதான்: "பாவா கூப்பிடுகிறார்." என் மனைவி மகளின் பிரசவத்துக்காக ஓசூரில் இருந்தாள். அவளிடம் தாளைப் படித்துக் காட்டினேன். "அந்த ஒண்ணு போதாதா?" என்று போனை வைத்துவிட்டாள்.

கப்பலிலிருந்து நான் இறங்கியபோது என் பையில் சொந்த டேப் ஒன்றும், பித்தளைத் தூக்குக்குண்டு ஒன்றும் இருந்தன. தூக்குக்குண்டை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு நீங்கள் படகுத்துறையே அதிரச் சிரித்தீர்கள். "ஆமைக்கு வீடு கட்டித் தரப் போறியா?"

அந்தத் தீவில் எங்கள் முகாமுக்கு அருகே மூன்று கடற்கரைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே பாறை முனை. முகாமில் நான்கே பேர். பெரம்பூரிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி ரோஷ்னிதான் தலைமை. அவளுக்கு இருபத்தெட்டு வயது, நான் எழுதும் ஒவ்வொரு எண்ணையும் அவள் நம்பினாள் என்பதே எனக்குப் பயமாக இருந்தது. அடுத்தது சால்மன், அந்தமானின் கரேன் மக்களில் ஒருவர், இந்திதான் பேசுவார், மணலைப் பார்த்தே ஆமை எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கியது என்று சொல்வார். பிறகு நீங்கள், எல்லோருக்கும் மிஸ்திரி. கடைசியாக நான், ரிஜிஸ்டர்.

முதல் நாள் விடியலில் முதல் தடத்தைப் பார்த்தேனே, அது நினைவிருக்கிறதா? கடலிலிருந்து ஏறி, மேட்டருகே வளைந்து, மறுபடி கடலுக்குள் போயிருந்த தடம். நான் நிலம் அளக்கப் போன எல்லா ஊரிலும் டிராக்டர் தடம் பார்த்திருக்கிறேன். இதுவும் டிராக்டர் அகலம்தான். ஆனால் இதைப் போட்டது ஓர் உயிர். முதுகில் ஏழு வரி ஓடுகிற, ஆள் நீளத்துக்கு மேல் இருக்கிற தோல்முதுகு ஆமை. என் வயதில் ஒருவனுக்கு இவ்வளவு புதிதாக ஒன்று மிச்சமிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நான் குனிந்து அகலத்தை அளந்தேன். எழுதினேன். சந்தேகமாக இருந்தது. மறுபடி அளந்தேன். மூன்றாம் முறை குனிந்தபோது நீங்கள் சொன்னீர்கள்: "அது தாசில்தார் கிட்ட அப்பீல் போவாது, எய்ந்துரு."

வேலையின் முறை எளிமையானது. ஆமை முட்டையிட்டு மூடிவிட்டுப் போன குழியை மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் மேட்டோரம் இருக்கும் இரண்டு மரங்களில் எண் தகடு அடித்து, அந்த இரண்டு மரங்களிலிருந்தும் குழிக்கு எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்து எழுதிவைக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துக் குஞ்சுகள் வெளியேறும் காலத்தில், அதே இரண்டு மரங்களிலிருந்து அதே இரண்டு தூரத்தை இழுத்தால், அவை சந்திக்கும் இடத்தில் குழி. டேப் பிடிப்பது ரோஷ்னியும் சால்மனும். எழுதுவது நான். அந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருந்தது. எண் தப்பானால் அது டேப் பிடித்தவர்களுடைய தப்பு அல்லவா? இப்படியெல்லாம் யோசிப்பவன்தான் நான். உங்களிடம் அப்போது சொல்லவில்லை.

ஒரு நாள் மட்டும் அந்தப் பிரிவினை மாறியது. ஒரே காலையில் இரண்டு தடங்கள், முதல் கரையில் ஒன்று, மூன்றாம் கரையில் ஒன்று. சால்மனுக்குக் காய்ச்சல். ரோஷ்னி மூன்றாம் கரைக்குத் தனியாகப் போய்விட்டாள். முதல் கரைக்கு நானும் நீங்களும். அதுதான் முப்பத்தோராவது குழி.

அந்த இடத்தில் ஒரு மரம் மணலோரத்திலேயே இருந்தது. இன்னொன்று, அந்தப் பெரிய புன்னை, அலை அரித்த மேட்டின் உச்சியில், இரண்டு ஆள் உயரத்தில் நின்றது. நீங்கள் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு புன்னையடிக்கு ஏறினீர்கள். நான் கீழே தூக்குக்குண்டை எடுத்தேன். முப்பத்து நான்கு வருடப் பழக்கம், கை தானாகப் போனது. டேப்பைக் கொஞ்ச தூரம் மட்டமாகப் பிடித்து, நுனியில் குண்டைத் தொங்கவிட்டு, அது மணலைத் தொட்ட இடத்தில் குச்சி நட்டு, அங்கிருந்து அடுத்த கொஞ்ச தூரம். அப்படி நான்கு படியாகச் சரிவில் இறங்கி வந்தேன்.

மேலிருந்து நீங்கள் கத்தினீர்கள். "இன்னாடா பண்றே? நாலு கொம்பு நட்டுட்டே. யாருக்குக் கல்யாணம், பந்தல் போட்டுகினு இருக்கே?"

"சரியா இருக்கணும் பாவா."

"ஆங், சரி சரி. ஐயருக்குச் சொல்லிட்டியா?"

எழுதிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தப் பருவம் முழுவதிலும் நான் டேப் பிடித்து அளந்த ஒரே குழி அது.

மார்ச் வந்தது. குழிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. காலையில் போனால் மணலில் நூற்றுக்கணக்கான சின்னக் கோடுகள், யாரோ சீப்பால் வாரியதுபோல் கடலுக்கு ஓடியிருக்கும். பிறகு நாங்கள் டேப் இழுத்து, தோண்டி, வெறும் ஓடுகளை எண்ணுவோம். முப்பது குழிகளும் எழுதிய இடத்திலேயே இருந்தன. ஒவ்வொரு முறையும் சால்மனின் கை உள்ளே போய் ஓட்டைத் தொட்டதும் ரிஜிஸ்டரில் ஒரு டிக் போடுவேன்.

முப்பத்தோராவது மட்டும் திறக்கவில்லை. நாள் கடந்துவிட்டது. நடுவில் பெரிய அலை வந்து, ஒரு முழு மரத்தையும் கூளத்தையும் அந்த இடத்தில் கொண்டுவந்து போட்டது. அதன்மேல் இரண்டு நாள் கோடை மழை. மணல் சுட்ட ஓடு மாதிரி இறுகிவிட்டது. "உள்ள பொரிஞ்சிருந்தாகூட அதுங்களால இத ஒடைச்சிகிட்டு வர முடியாது சார். நாம கிளம்பறதுக்குள்ள எடுத்தாகணும்" என்றாள் ரோஷ்னி. அடுத்த வாரம் மழைக்காலக் காற்று தொடங்கினால் அந்தக் கரைக்கு அக்டோபர் வரை யாரும் வர முடியாது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ரோஷ்னியும் சால்மனும் என் இரண்டு எண்களையும் வைத்து டேப் இழுத்தார்கள். இரண்டும் சந்தித்த இடத்தில் தோண்டினார்கள். தோள்வரை கை போயிற்று. வெறும் ஈர மணல். ஒரு சாண் அகலப்படுத்தினார்கள். அப்போதும் மணல்தான். கண்டபடி தோண்டினால் முட்டைக்குழியே சரிந்து எல்லாம் செத்துவிடும் என்று ரோஷ்னி நிறுத்திவிட்டாள்.

"சார், நம்பர் கரெக்டா எழுதினீங்கதானே?" அவள் குற்றமாகக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"தப்பா எழுதியிருப்பேம்மா" என்றேன்.

அன்று மாலை ரிஜிஸ்டரில் அந்தக் குழிக்கு நேரே, "இடக்குறிப்பில் பிழை. பொறுப்பு என்னுடையது" என்று எழுதினேன். எழுதியதை நீங்கள் படித்தீர்கள். உங்களுக்கு என்மேல் வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அளந்தது யாரு?"

"நான்."

"நாம ரெண்டு பேரு. அந்தப் பக்கம் டேப்ப நான் புட்சிகினு நின்னேன். தப்புன்னு எய்தறதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேக்கலாம் இல்ல? ஒனக்கு யாரு இன்னா கேட்டாலும் ஒடனே தலைய குனிஞ்சி குடுத்துடணும். போய் கம்னு படு."

நீங்கள் என்னோடு மறுநாள் முழுவதும் பேசவில்லை. முகாமில் நான்கே பேர் இருக்கும்போது ஒருவர் பேசாவிட்டால் கால்பங்கு ஊர் மௌனமாகிவிடுகிறது.

கடைசிக் காலை. கூடாரங்களைச் சுருட்டிவிட்டோம். அடுப்புக் கல்லைக்கூடப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார் சால்மன். ஒரு சங்கோ ஒரு பிடி மணலோகூட எடுத்துவரக் கூடாது என்பது முகாமின் விதி. நான் எல்லோருக்கும் முன்னால் எழுந்து மூன்று கரைகளுக்கும் போய்வரக் கிளம்பினேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நீங்கள்.

மூன்றாம் கரையின் ஓரத்தில் நின்று, கடலைப் பார்த்து, "வரட்டா?" என்றீர்கள். இரண்டாம் கரையிலும் அதே. "போறேன்னு சொல்லாதடா, வரேன்னு சொல்லு" என்று என் முதுகில் தட்டினீர்கள். அதுதான் சமாதானம் என்று புரிந்துகொண்டேன். முதல் கரையில் மட்டும் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெரிய மரம் மணலில் கிடந்தது. அதன் அருகே தோண்டிய குழி பாதி தூர்ந்திருந்தது. நான் வேகமாகக் கடந்துவிட்டேன்.

டிங்கியில் ஏறினோம். நீர் ஏற்றமாக இருக்கும்போதே பவளப்பாறை இடைவெளியைத் தாண்ட வேண்டும். நண்பகலில் படகுத்துறையில் கப்பல். நீங்கள் கயிற்றை இழுத்தீர்கள், அந்தப் புகை வந்தது, கரை பின்னால் போக ஆரம்பித்தது. முனையைச் சுற்றித் திரும்பும்போது கடைசியாக ஒருமுறை முதல் கரையைப் பார்த்தேன்.

நான்கு மாதமும் அந்தக் கரையை நான் கரையில் நின்றே பார்த்திருக்கிறேன். அன்றுதான் பக்கவாட்டில், கடலிலிருந்து பார்த்தேன். ஒரு கோடு போட்டதுபோல் இருந்தது. உச்சியில் புன்னை. அங்கிருந்து செங்குத்தாக விழுந்து, சாய்ந்து, நீளமாக நீருக்கு இறங்கும் மணல். சரிவு.

பாவா, என் தலைக்குள் மணி அடித்தது. நிலத்தை அளப்பவன் சரிவோடு டேப்பைப் படுக்கவைக்க மாட்டான். வரைபடம் தட்டையானது, அதனால் டேப்பையும் மட்டமாகத்தான் பிடிப்பான். என் எண் மட்டமான தூரம். மற்ற முப்பது குழிகளையும் அவர்கள் மணல்மேல் டேப்பைப் படுக்கவைத்து அளந்து, படுக்கவைத்தே தேடினார்கள். அதனால் எல்லாம் சரியாக வந்தது. என்னுடைய எண்ணையும் படுக்கவைத்துத் தேடினார்கள். மேட்டிலிருந்து இறங்கும் சரிவிலேயே கொஞ்சம் தூரம் தீர்ந்துபோய்விட்டது. மணலோர மரத்திலிருந்து பெரிதாக மாறவில்லை, புன்னையிலிருந்து மட்டும் குறைந்தது. அப்படியானால் இரண்டும் சந்திக்கும் இடம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். எண் தப்பில்லை. குழி அங்கேதான் இருக்கிறது.

உடனே கத்தினேன் என்றுதான் நீங்கள் எல்லோரிடமும் சொல்வீர்கள். அது உண்மையில்லை. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதுவும் தப்பானால்? என்னால் நான்கு பேருக்கும் கப்பல் போய்விட்டால்? ரோஷ்னி வீட்டுக்குப் போய் நான்கு மாதம் ஆகிறதே? ஒரு பாறையைத் தாண்டினோம். இன்னொன்றைத் தாண்டினோம். அப்புறம் நினைத்தது இதுதான்: உள்ளே இருக்கும் அவற்றுக்கு நான் வெட்கப்படுவது தெரியாது.

"நிறுத்துங்க!"

எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்றேன். டிங்கி ஒருபக்கம் சாய்ந்தது. சால்மன் என் இடுப்பைப் பிடித்தார்.

"பாவா! நிறுத்துங்க!"

நீங்கள் எஞ்சினை அணைத்தீர்கள். "இன்னாடா, கண்ணாடிய வுட்டுட்டியா?"

எவ்வளவோ விளக்கம் சொல்ல நினைத்து வாய் திறந்தேன். வந்தது ஒரே சொல். "பந்தல், பாவா! பந்தல்!"

ரோஷ்னி பயந்துவிட்டாள். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். நீங்கள் ஒரு விநாடி என்னையே பார்த்தீர்கள். பிறகு மெல்ல உங்கள் தாடை தொங்கியது. "அடப்பாவி," என்றீர்கள். "நாலு கொம்பு நட்டியே."

ரோஷ்னிக்கு ரிஜிஸ்டரின் பின் அட்டையில் படம் போட்டுக் காட்டினேன்.

"எவ்ளோ தள்ளியிருக்கும் சார்?"

கணக்குப் போட்டேன். "ரெண்டு முழம். தெற்குப் பக்கம்."

"உறுதியா?"

என் வாழ்நாளில் அந்தக் கேள்விக்கு நான் ஆமாம் சொன்னதில்லை. "ஆமாம்மா" என்றேன்.

சால்மன் தண்ணீரைக் காட்டி, "பானி உதர் ரஹா ஹை" என்றார். நீர் இறங்க ஆரம்பித்துவிட்டது; திரும்பினால் மாட்டிக்கொள்வோம்.

"கப்பல் போச்சின்னா இன்னொண்ணு வரும். எனக்கு இன்னா, பொண்ணு பாக்கவா போறேன்?" என்று நீங்கள் கயிற்றை இழுத்துச் சுக்கானைத் திருப்பினீர்கள். ரோஷ்னி சொல்லும்வரைகூடக் காத்திருக்கவில்லை. அவளும் "போலாம் மிஸ்திரிண்ணா, போலாம்" என்று பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

டிங்கி மணலில் ஏறுவதற்கு முன்பே குதித்தேன். முழங்கால்வரை நீர். அறுபது தாண்டியவன் அப்படி ஓடக்கூடாது. நீங்கள் டேப் நுனியோடு மேட்டில் ஏறினீர்கள், திருத்தணி மலைப்படியை ஒரே மூச்சில் ஏறுவதுபோல. நான் குண்டைத் தொங்கவிட்டேன். ஒரு குச்சி. இரண்டு. மூன்று. நான்கு. மற்ற மரத்திலிருந்து சால்மன் இழுத்துக் கொடுத்தார். இரண்டும் சந்தித்தது, கிடந்த மரத்தின் விளிம்புக்கு அடியில்.

நான்கு பேரும் மரத்தைப் பிடித்து இழுத்தோம். அசையவில்லை. "தேரு இழுக்கிற மாரி இழுங்கடா!" என்று நீங்கள் குரல் கொடுத்தீர்கள். மூன்றாம் முறை உருண்டது. ரோஷ்னி குப்புறப் படுத்துக் கையால் தோண்டினாள். மேல் மணல் கட்டி கட்டியாக உடைந்துவந்தது. முழங்கை. முழங்கைக்கு மேல். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பார்க்க முடியவில்லை.

"சார்."

திரும்பவில்லை.

"சார்... கைய கடிக்கிற மாதிரி ஏதோ அசையுது சார்!"

முதல் குஞ்சு அவள் உள்ளங்கையில் வந்தது. கறுப்பு. முதுகில் வெள்ளைப் புள்ளிகள் கோடாக. உடம்பைவிட நீளமான துடுப்புகளைக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று, மூன்று, ஒரு கொத்து. மணல் கொதிப்பதுபோல் கொதித்தது. நீங்கள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நிற்பவர்போல், "அரோகரா!" என்றீர்கள். அடுத்த அரோகரா யாருடைய குரல் என்று ஒரு விநாடி புரியவில்லை. என்னுடையது. சால்மன் தன் சிலுவையைத் தொட்டுக்கொண்டு, அவரும் அரோகரா என்றார்.

வானம் மூடியிருந்தது, மணல் சுடவில்லை. "இங்கயே விட்டுடலாம், தானா நடக்கட்டும்" என்றாள் ரோஷ்னி. அவை நடந்தன. அதற்குள் எங்கிருந்தோ காக்கைகள் வந்துவிட்டன. நண்டுகள் வளைகளிலிருந்து எட்டிப் பார்த்தன. நீங்கள் இடுப்பிலிருந்த பொதட்டூர்பேட்டை லுங்கியை உருவி, அரைக்கால் சட்டையோடு, தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு கரை முழுக்க ஓடினீர்கள். "த்தா, கிட்ட வந்தே கொழம்பு வெச்சிடுவேன்!" என்று காக்கையைத் திட்டினீர்கள். ரோஷ்னி சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் நீரோரத்தில் நின்று எண்ணினேன். அதையாவது சரியாகச் செய்ய வேண்டும் அல்லவா? கடைசிக் குஞ்சு இரண்டு அலைகளில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, மூன்றாவதில் போய்விட்டது. அறுபத்து நான்கு.

பிறகுதான் கடலைப் பார்த்தோம். பவளப்பாறை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மாலை ஏற்றம் வரை நகர முடியாது. உருட்டிய மரத்தின்மேல் வரிசையாக உட்கார்ந்து, மிச்சமிருந்த பிஸ்கட்டைத் தின்றோம். ரோஷ்னி ரிஜிஸ்டரை என் மடியில் வைத்தாள்.

"அந்த வரிய அடிச்சிடுங்க சார்."

அளவைப் புத்தகத்தில் எதையும் அழிக்கக்கூடாது. ஒரே கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். அப்படியே செய்தேன். நீங்கள் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"இப்ப எப்பிடி எய்துறான் பாரு. கல்வெட்டு மாரி."

கப்பல் போய்விட்டது. அடுத்ததுக்கு நான்கு நாள் படகுத்துறை ஊரில் காத்திருந்தோம், சோறும் பருப்பும் தின்றுகொண்டு. முதல் நாளே டீக்கடையில் நீங்கள் கதையை ஆரம்பித்துவிட்டீர்கள். "எம்பது குட்டிங்க" என்றீர்கள். இரண்டாம் நாள் தொண்ணூறு. நான்காம் நாள் நூறு. அதற்குமேல் ஏறவில்லை, நூறில் நிலைத்துவிட்டது.

"அறுபத்து நாலு, பாவா" என்றேன்.

"அது ஒன் புக்குல இருக்கட்டும்டா. கடலுக்குப் போனது நூறு."

நீங்களும் அக்காவும் போர்ட் பிளேரை விட்டுத் திருத்தணிக்கே திரும்பிய பிறகும் அது தொடர்ந்தது. ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆளிடம். சலூனில் பாதிச் சவரத்தில். கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளியோடு நின்றவரை நிறுத்திவைத்து. நீங்கள் நூறு என்பீர்கள், நான் அறுபத்து நாலு என்பேன், கேட்பவர் சிரிப்பார். நான் திருத்துவதற்காகவே நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நூறு என்று சொல்கிறீர்கள் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆனது. மார்புவலி வந்து படுத்திருந்தபோதுகூட, மருந்து கொடுக்க வந்த நர்ஸிடம் விரல்களை விரித்து விரித்துப் பத்து முறை காட்டினீர்கள். நான் கட்டிலருகே நின்று, "அறுபத்து நாலும்மா" என்றேன்.

உங்கள் பதினாறாம் நாள் சாப்பாட்டின்போது அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. மணவூரிலிருந்து வந்த உங்கள் பங்காளி ஒருவர் மோருக்குக் கை நீட்டிக்கொண்டே, "மிஸ்திரி ஏதோ ஆம கத சொல்லிகினே இருப்பாரே, எத்தினி குட்டின்னு சொல்வாரு?" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதையில் வருபவர்களில் அங்கே மிச்சமிருந்தவன் நான் ஒருவன்தானே. அறுபத்து நாலு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், பாவா. நூறு முறை சொன்ன எண். ரிஜிஸ்டரில் என் கையெழுத்தோடு இருக்கிற எண்.

"நூறு" என்றேன்.

அக்கா தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். "அடப்பாவி, நீயும் ஆரம்பிச்சிட்டியாடா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு இலையை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

ரிஜிஸ்டரில் அறுபத்து நாலுதான் இருக்கிறது. அதை யாரும் மாற்ற முடியாது. நானே மாற்ற விடமாட்டேன். ஆனால் பஸ்ஸில், சலூனில், பந்தியில் யாராவது கேட்டால் இப்போது நூறுதான். பொய் சொல்கிறோமே என்று கொஞ்சமும் உறுத்தவில்லை. இதை எழுதும்போதுகூட ஒருமுறை யோசித்துப் பார்த்தேன், உறுத்தவில்லை. போன வாரம் ஒருவர் நம்பாமல், "நெஜமாவா சார், நூறா?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றேன். "நான்தான் எண்ணினேன்."